ஊசி இருக்கும்போது பேசக் கூடாது

இப்பச் சிரிச்சா. சிரிச்சான்னு சொல்ல முடியாது, மூக்கு வழியா லேசா ஒரு காத்து விட்டா, ஆனா அது அவ சிரிப்புக்கு முந்தி வாற காத்து, கல்யாணம் ஆன நாள்லயிருந்து அதை எனக்குத்தான் விட்டுக்கிட்டு இருந்தா, இப்ப அந்தப் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு அவனுக்கு விடுதா. அவன்னா டாக்டர். அக்குபஞ்சர் டாக்டர் குமரகுரு. கோவில்பட்டியில ஒரு மாடியில ரெண்டு ரூம் எடுத்து வச்சிருக்கான், படியிலேயே செருப்பைக் கழட்டிப் போட்டுரணும், ஏறி வந்தா இந்த பெஞ்சு, பெஞ்சுக்கு எதிர்த்தாப்புல சுவத்துல ஒரு போர்டு, ஊசி இருக்கும்போது பேசக் கூடாதுன்னு. போர்டை எழுதி மாட்டிட்டு அவன் பேசுதான், அவ பதில் சொல்லுதா, எனக்குத்தான் போர்டு. என்னதான் பேசுவான் அப்படி. தவசிமுத்து சவுண்ட் சர்வீஸ்னா இந்த வட்டாரத்துல தெரியாத ஆள் கிடையாது, கோயில் கொடை, சடங்கு, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம செட்டுதான், ஊர் எல்லையில வேப்பமரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர்ல காயில் போயிருக்குன்னா கடையில உக்காந்தே சொல்லிருவேன், அந்தக் காதை வச்சுக்கிட்டு ஒரு திரைக்கு அப்பால ஒரு மனுசன் பேசுதது பிடிபடமாட்டேங்குது. அவ்வளவு மெல்லப் பேசுதான். ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க. ஒண்ணு மட்டும் கேக்குது, "சக்தி"ன்னு கூப்பிடுதான். பிரம்மசக்திங்கிறது அவ அப்பா வச்ச பேரு, ஊரு பூராவும் பிரமுதான், நானும் பிரமுதான், ரேசன் கார்டைத் தவிர எவனும் முழுப் பேரைச் சொன்னதில்ல, இவன் வந்து பேருல பின்பாதியைப் பிச்சு எடுத்துத் தனக்குன்னு வச்சுக்கிட்டான். கூப்பிட்டதும் அவ "ம்" கொட்டுதா. எனக்கு வயிறு எரியுது. எரியுதுன்னா எரியுது, அதுல என்ன மூடி மறைக்க வேண்டியிருக்கு, அம்பது வயசுக்கு மேல ஒருத்தன் பொண்டாட்டிக்காகப் பொறாமைப்படக் கூடாதுன்னு சட்டமா இருக்கு. தெரிஞ்சவன் எவனும் மாடியேறி வந்துரக் கூடாது, அதுதான் இப்பக் கவலை. இன்னைக்கு ஒருநாள் பொறுத்துட்டாப் போதும். இன்னைக்குப் பார்த்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாமா வேண்டாமான்னு சொல்லுதேன்னு போன தடவை அவனே சொல்லியிருக்கான்.

வீட்டுக்குன்னா என் வீட்டுக்கு. இப்ப அவ இருக்கது அவ அண்ணன் வீட்டுல. போன ஐப்பசியில எட்டயபுரத்துல ஒரு விசேசத்துக்குப் போயிட்டு ஷேர் ஆட்டோவுல வந்தா, ஆட்டோ கவுந்துட்டு, மத்தவங்களுக்கெல்லாம் கையில கால்ல சிராய்ப்பு, இவளுக்கு மட்டும் கம்பியில தலை மோதி நெனப்பு போயிட்டு. பெரிய ஆஸ்பத்திரியில மண்டைக்குள்ள கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருக்கு, ஆப்ரேசன் தேவையில்ல, தானா வத்திரும்னு சொன்னாங்க, வத்தவும் செஞ்சுது, கண்ணு முழிச்சா, என்னைப் பார்த்து வந்துட்டீகளான்னு கேட்டா, நான் அழுதேன், ஆஸ்பத்திரி பூராவும் கேக்கிற மாதிரி அழுதேன், நர்ஸ் வந்து வெளிய போங்கன்னு சொன்னா. அதுக்கப்புறந்தான் தலைவலி. எந்நேரமும். இடது பக்கம் நெத்தியில தொடங்கிப் பிடரி வரைக்கும், வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகவே ஆகாது. மாத்திரை எல்லாம் பார்த்தாச்சு. தலையில அடிபட்டவங்களுக்கு இப்படி மாசக்கணக்கா வலி நிக்கிறது உண்டு, மெல்லத்தான் விடும்னாங்க, அக்குபஞ்சர் பார்க்கலாமான்னு மச்சான் கேட்டதுக்கு, பாருங்க, கேக்குதவங்களுக்குக் கேக்குது, ஸ்கேன் மட்டும் விட்டுராதீங்கன்னு ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னார். அதுவரைக்கும் என்ன செய்ய. கீழே கடை, மேலே வீடு. கீழே எவனாவது பாக்ஸைப் போட்டுப் பார்த்தா மேலே இவ ரெண்டு கையாலயும் மண்டையைப் பிடிச்சுக்கிட்டு மூலையில உக்காந்துருவா. மிக்சி போடக் கூடாது, குக்கர் விசில் வரக் கூடாது, வளையலைக் கழட்டிட்டா, கொலுசைக் கழட்டிட்டா, கடைசியில ஒருநாள் நான் போன்ல எவன்கிட்டயோ ஜெனரேட்டர் வாடகை பேசிக்கிட்டு இருக்கேன், வந்து என் முன்னால நின்னு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டா. சாமியைக் கும்பிடுத மாதிரி கும்பிட்டா. மறுநாள் மச்சான் வந்து கூட்டிட்டுப் போயிட்டார். மச்சானும் அவர் வீட்டம்மாவும் வாத்தியார் வேலை, பிள்ளைக ரெண்டும் ஹாஸ்டல்ல, காலையில பூட்டிட்டுப் போனா சாயந்தரந்தான் வருவாங்க, அதுவரைக்கும் அந்த வீட்டுல ஈ பறந்தாக் கேக்கும். அங்க இருக்கட்டும், தேறிட்டு வரட்டும்னு நானுந்தான் சொன்னேன். வாரத்துல ரெண்டு நாள் அங்க போயி அவளை ஏத்திக்கிட்டு இங்க வருவேன், திரும்பக் கொண்டுபோய் விடுவேன், வழியில வண்டிச் சத்தத்துல பேச முடியாது, இறங்கினா அவளுக்கு அசதி, ஆக, அவ முகத்தை நின்னு பார்க்க எனக்குக் கிடைக்கிறது இந்த மாடியில இருக்க நேரந்தான், அதையும் இவன் திரையைப் போட்டு மறைச்சிட்டான்.

மொதல் நாள் என்னையும் உள்ளதான் விட்டான். நல்லா ஞாபகம் இருக்கு, மறக்கணும்னு நெனைச்சாலும் மறக்கமாட்டேங்குது. தலைவலிக்கு மண்டையில ஊசி போடுவான்னு நெனைச்சேன். கையைப் பிடிச்சான், மணிக்கட்டுல மூணு விரலை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு நாடி பார்த்தான், சரி, வைத்தியன் நாடி பார்க்கத்தான் செய்வான், பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். அடுத்தாப்புல கால் மாட்டுல போயி உக்காந்தான். பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல மேல ஏறிப் போனா ஒரு பள்ளம் இருக்கு, அங்க போட்டாத்தான் தலைக்கு ஏறுன சூடு இறங்கும்னு சொன்னான். அந்தப் பக்கத்து விரல்லதானே மெட்டி கிடக்கு. மெட்டியைக் கழட்டுங்கம்மான்னான். அவளுக்குக் குனிய முடியல, குனிஞ்சாத் தலை வெடிக்கும். அவனே பாதத்தைத் தூக்கித் தன் தொடையில வச்சு மெட்டியைத் திருகித் திருகிக் கழட்டிச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல போட்டான், டங்குன்னு ஒரு சத்தம், அதுக்கே அவ முகம் சுளிச்சா. அந்தப் பாதத்தை நான் எப்பத் தொட்டிருக்கேன். தாலி கட்டின அன்னைக்கு அம்மி மேல தூக்கி வச்சு மெட்டி போட்டேன், எங்க அத்தை கூட நல்லா அழுத்திப் போடுங்க மாப்பிள்ளைன்னு கேலி பண்ணினா, அதோட சரி. பொண்டாட்டி காலைப் பிடிக்கானேன்னு ஊர் சிரிக்கும்னு தொடல. காய்ச்சல்ல கிடந்தப்போ தொட்டிருக்கலாம், மக பிறந்து கால் வீங்கிக் கிடந்தப்போ தொட்டிருக்கலாம், தைலம் தேய்ச்சு விட அவ தங்கச்சி வந்தா. இப்ப முன்னப்பின்ன தெரியாதவன் அதைத் தொடையில வச்சுக்கிட்டுத் தடவித் தடவிப் பள்ளம் தேடுதான். ஏன் சார், கையில போட்டா ஏறாதான்னு கேட்டேன். கேட்டேன்னுதான் நெனைச்சேன், கத்தியிருக்கேன் போல, பிரமு காதைப் பொத்திட்டா, அடுத்த ரூம்ல ஊசியோட கிடந்தவரு திடுக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. டாக்டர் கோபப்படல. கோபப்பட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். ஐயா, அடுத்த தடவையிலயிருந்து நீங்க வெளிய உக்காருங்கன்னு மெல்லச் சொன்னான். தவளை தன் வாயால கெடும். அன்னையிலயிருந்து இந்த பெஞ்சுதான்.

அவன் குரல் அப்படி. அதைத்தான் என்னால தாங்க முடியல. கைராசி, ஊசி, நாடி எதுவும் எனக்கு ஒரு பொருட்டில்ல, அந்தக் குரல் மட்டும் எனக்கு வேணும். கடையில எல்லாரையும் அனுப்பிட்டு மைக் முன்னால உக்காந்து பேசிப் பழகியிருக்கேன், பிரமு சாப்பிட்டியா, பிரமு தண்ணி குடிக்கியான்னு, ஆம்ப்ளிபயர்ல சத்தம் காட்டுத முள்ளு அசையாம. அசையுது. வீட்டை மாத்திட்டேன், அதாவது மாத்தி வச்சிருக்கேன், செட்டு பூராவையும் பைபாஸ்ல ஒரு கொட்டகை பிடிச்சுக் கொண்டு போட்டாச்சு, விசில் இல்லாத கரண்ட் குக்கர் வாங்கியாச்சு, கதவு நிலைக்கெல்லாம் ரப்பர் ஒட்டியாச்சு, சுவர்க் கடிகாரம் டிக்டிக்குங்குதுன்னு அதையும் நிறுத்திட்டேன். அவகிட்ட இன்னும் சொல்லல. கூட்டிட்டுப் போயிக் காட்டணும். கதவைத் திறந்துவிட்டு நான் ஒண்ணும் பேசாம நிக்கணும், அவளாப் பார்க்கணும், பார்த்துட்டு மூக்கு வழியா அந்தக் காத்தை விடணும். பேச்சு நின்னுட்டு. அவன் வெளிய வாறான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிட்டு அடுத்த ரூமுக்குள்ள போறான், அங்க முழங்கால் வலிக்கு ஒரு பெரியவர் படுத்திருக்கார், அவருக்கு ஊசி எடுக்கப் போறான் போல. திரை லேசா விலகிக் கிடக்கு. எந்திரிக்காதடா தவசி. எந்திரிச்சாச்சு. ஒரு பார்வை பார்த்துட்டு வந்துரலாம், என் பொண்டாட்டியைப் பார்க்க எவன்கிட்ட நான் கேக்கணும்.

உள்ள இருட்டு. ஜன்னல்ல கறுப்புத் துணி, ஒரு மூலையில ஏதோ பச்சிலையைச் சுருட்டிக் கொளுத்தி வச்சிருக்கான், அந்தப் புகை மூக்குல ஏறி என் வேர்வை வாடையே எனக்குத் தெரியல. பிரமு மல்லாந்து கிடக்கா. கண்ணு மேல மடிச்ச துண்டு. வாய் கொஞ்சமாத் திறந்திருக்கு. அண்ணன் வீட்டுச் சாப்பாடு சேர்ந்திருக்கு, கன்னம் பிடிச்சிருக்கு, அதுக்குச் சந்தோசப்படணும், மனசு படமாட்டேங்குது, என் வீட்டுல இளைச்சவ இன்னொரு வீட்டுல தேறியிருக்கா. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ரெண்டு கையிலயும் ஊசி, பாதத்துல ரெண்டு, நெத்தியோரத்துல முடிக்கும் மெலிசா ஒண்ணு, அவ மூச்சு விடும்போது அதும் சேர்ந்து ஆடுது. வலிக்காதா. வலிச்சாலும் இவனுக்குன்னாப் பொறுத்துக்கிடுவா. நான் ஒரு தடவை அவ கையில குத்தின முள்ளை எடுக்கதுக்கு ஊசியைக் கொண்டுட்டுப் போனப்போ ஊரைக் கூட்டிட்டா. தலைமாட்டுல ஒரு ஸ்டூல், அவன் ஸ்டூல், இதுல உக்காந்துதான் சக்தி சக்திங்கான். உக்காந்து பார்த்தேன். கிரீச்சுன்னுது. உயிரே போயிட்டு, இப்ப முகம் சுளிப்பா, கையைத் தூக்கி மண்டையைப் பிடிப்பா, ஊசி எல்லாம் தெறிக்கும்னு நெனைச்சேன். சுளிக்கல. அந்தச் சத்தம் அவளுக்குப் பழகியிருக்கு. உதடு மட்டும் அசையுது.

"வந்துட்டீங்களா டாக்டர்."

நான் இல்லைங்கணும். ஏட்டி, நான்தாட்டின்னு சொல்லணும். ஆனா என் வாய்க்கு வேற வேலையே தெரியாதே, திறந்தா ஊரைக் கூட்டும், அடுத்த ரூம் பெரியவர் திடுக்கிட்டு எந்திரிச்சுருவார், அவன் வந்து ஐயா வெளியன்னு சொல்லுவான், அதுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன். அதோட இன்னொரு எண்ணமும் இருந்துது, இல்லைன்னு சொன்னாப் பொய், அவன்கிட்ட இவ எப்படிப் பேசுதான்னு ஒரு வார்த்தை கேட்டுரணும்னு இருந்துது. பேசாம உக்காந்திருந்தா அது நானா இருக்கும்னு அவளுக்குத் தோணவே தோணாது. அந்த நம்பிக்கையிலதான் பேசுதா.

"அவுக வெளிய இருக்காகளா? மெல்லச் சொல்லுதேன். தலைவலி போயிட்டு டாக்டர். போன மாசமே போயிட்டு. உங்ககிட்டயும் இருக்கு இருக்குன்னு பொய்தான் சொல்லிக்கிட்டு வாறேன்."

வலி போயிட்டா? என் தெய்வமே, போயிட்டு. எனக்கு மொத அதுதான் வந்துது, அப்பவே எந்திரிச்சு ஆடியிருப்பேன். அப்புறந்தான் அடுத்தது உறைச்சுது. போன மாசமே போயிட்டுன்னா ஏன் இங்க வாறா. ஏன் வாறான்னு எனக்குத் தெரியாதா, திரைக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் அதைத்தானே மென்னுக்கிட்டு இருந்தேன், அவன் குரலுக்கு வாறா, அவன் கைக்கு வாறா, காலைத் தூக்கித் தொடையில வைக்கதுக்கு வாறா, வெளிய வரட்டும் அவன், சட்டையைப் பிடிச்சு மாடியில இருந்து. அவ பேச்சு நிக்கல.

"அவுககிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சொன்னா இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாக. தங்கமான மனுசன், ஒரு குறை சொன்னேன்னா என் நாக்கு அழுகிரும். இருந்தாலும் அண்ணன் வீட்டுல எல்லாரும் போனப்புறம் நான் ஒத்தையில இருப்பேன் டாக்டர், ஒரு சத்தம் கிடையாது. அப்ப நான் நெனைக்கிறது எனக்குக் கேக்குது. இந்த வயசுக்கு இப்பத்தான் கேக்கேன். தலை வலிச்சதாலதான் இது கெடச்சுது. வலி போயிட்டுன்னு சொல்லிட்டா இதுவும் போயிரும்லா?"

ஆளா இருந்தாச் சட்டையைப் பிடிக்கலாம். மச்சான் வீட்டுல யாரும் இல்லாத ஒரு பகலை எங்க போயிப் பிடிக்க. யாருகிட்டப் போயி, என் பொண்டாட்டியை விட்டுருன்னு சண்டை போட. இத்தனை நாள் நான் ஒரு அப்பாவி டாக்டரைக் கறுவிக்கிட்டு இருந்திருக்கேன், அவனுக்கும் இவளுக்கும் பெரிய தொடுப்பு ஒண்ணும் கிடையாது, அவன்கிட்டயும் பொய்தான் சொல்லியிருக்கா, அதை நெனைச்சு ஒரு நொடி குளுந்துது, மறுநொடி அதும் போச்சு. மூச்சு விடப் பயமா இருக்கு. எச்சில் முழுங்கினாக் கேட்டுரும். சொல்லலாம், குக்கர் வாங்கிட்டேன் பிரமு, செட்டை எல்லாம் கொட்டகைக்கு மாத்திட்டேன், கடிகாரத்தைக் கூட நிறுத்திட்டேன்னு சொல்லலாம், ஆனா அங்கயும் நான் இருப்பேனே, என்னை எந்தக் கொட்டகையில கொண்டு போடுதது. என்ன நெனைப்பா? அந்த வீட்டுல ஒத்தையில உக்காந்துக்கிட்டு அப்படி என்னத்தை நெனைப்பா? கட்டிக் குடுத்த மகளைப் பத்தியா, அவ அம்மாவைப் பத்தியா, பள்ளிக்கூடத்துல படிச்ச காலத்தையா. என்னை நெனைப்பாளா. அதுல நான் எங்கயாவது ஒரு ஓரத்துல வாறேனா. கேக்கணும்னு நாக்கு துடிக்கு, என் நெனப்பு வருமாட்டின்னு ஒரே ஒரு கேள்வி, கேட்டா நான்தான்னு தெரிஞ்சுரும், தெரிஞ்சா அவ எந்தக் காலத்துலயும் உண்மையைச் சொல்ல மாட்டா, வருவீக வருவீக, எப்பவும் உங்க நெனப்புத்தான்னுவா, இத்தனை வருசமும் அப்படித்தான் சொல்லியிருப்பா போல. நான் இல்லாத ஒரு நெனப்பு அவளுக்கு இருக்கு, அது அவளுக்கு ருசிச்சிருக்கு. அதைப் போயிப் பறிச்சிட்டு வந்து வீட்டுல வச்சா என்ன ஆகும், வருவா, சமைப்பா, சிரிப்பா, மறுபடியும் ஒண்ணும் கேக்காமப் போயிரும் அவளுக்கு. வரட்டும்னு ஒரு மனசு சொல்லுது, என் பொண்டாட்டி எனக்கு வேணும், கேக்காட்டிப் போகுது, எல்லாப் பொம்பளைகளும் அப்படித்தானே இருக்காளுக. வெளிய காலடி. திரை விலகுது.

டாக்டர் வந்துட்டான். என்னை ஸ்டூல்ல பார்த்ததும் நின்னுட்டான், நான் எந்திரிச்சேன், ஸ்டூல் மறுபடியும் கிரீச்சுன்னுது. அவன் வரிசையா ஊசியை எடுத்தான், ஒவ்வொண்ணுக்கும் பஞ்சை வச்சு அழுத்தினான். மணிக்கட்டைப் பிடிச்சுக் கண்ணை மூடிக்கிட்டு நின்னான். கண்ணு மேல இருந்த துண்டை எடுத்துவிட்டு, நாடி நல்லா ஓடுதே சக்தி, இப்ப வலி எப்படி இருக்குன்னு கேட்டான். பிரமு கண்ணைச் சிமிட்டினா. படுக்கைக்கு அந்தப் பக்கம் நிக்கிற டாக்டரைப் பார்த்தா, ஸ்டூலைப் பார்த்தா, ஸ்டூலை ஒட்டி நிக்கிற என்னைப் பார்த்தா. அவளுக்கு மொகத்துல ரத்தமே இல்ல. நெத்தியைத் தொடப் போன கை பாதியில நின்னுட்டு. டாக்டர், வலி இல்லைன்னா இன்னையோட நிறுத்திக்கிடலாம், வீட்டுக்குப் போலாம்னு என்கிட்டச் சொன்னான்.

"வலி இருக்கு டாக்டர்"ன்னு சொன்னேன். அடுத்த ரூம் பெரியவருக்கு அது கேட்டிருக்காது.

நாடியில தெரியலையேன்னு அவன் மறுபடியும் மணிக்கட்டைத் தொடப் போனான்.

"நாடிக்கு என்ன தெரியும். அவ வலிக்குதுன்னு சொன்னா வலிக்குது. இன்னும் கொஞ்ச காலம் அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும்."

டாக்டர் என்னவோ கேட்டான், அடுத்த வாரம் எந்தக் கிழமை வாறீங்கன்னு கேட்டான் போல. பிரமு அந்தப் பக்கம் திரும்பவே இல்ல, என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா.